214 கோடியில் ஒரு முட்டுச்சந்து!

கல்யாண வரவேற்பு, கல்லூரி ஆண்டு விழா, அபார்ட்மென்ட் பொங்கல் விழா... 2012, 2013-ல் எந்த மேடையாக இருந்தாலும், கடிவாளத்தைப் பிடித்துக் குதிரை ஓட்டுவதுபோல ஒரு கூட்டம் குதித்துக்கொண்டிருக்கும். தென்கொரியப் பாடகர் சையின் 'கங்னம் ஸ்டைல்' பாட்டு செய்த வேலை அது. 2012 ஜூலையில் யூடியூபில் ஏறிய அந்தப் பாட்டு, அதே ஆண்டு டிசம்பரில் 100 கோடி பார்வைகளைத் தொட்டது. அதற்கு முன் எந்த யூடியூப் வீடியோவும் அந்த உயரத்துக்குப் போனதில்லை.

அதோடு நிற்கவில்லை. 2014 கடைசியில் பார்வை எண்ணிக்கை 200 கோடியையும் தாண்டி, ஒரு குறிப்பிட்ட எண்ணை நெருங்கியது. அந்த எண்தான் 2147483647.

நம் ஊர்க் கணக்கில் 214 கோடியே 74 லட்சத்து 83 ஆயிரத்து 647. பார்வை எண்ணிக்கையைச் சேமிக்க யூடியூப் வைத்திருந்த பெட்டியில் அதற்கு மேல் ஒன்றுகூட ஏறாது! ஒரு பாட்டை இத்தனை முறை பார்ப்பார்கள் என்று நினைத்ததே இல்லை என்று அந்த நிறுவனமே அப்போது வெளிப்படையாகச் சொன்னது. நல்லவேளையாக, எண்ணிக்கை அங்கே போய் முட்டுவதற்கு முன்பே பெரிய பெட்டியை மாற்றிவைத்துவிட்டார்கள்.

200 கோடி, 250 கோடி என்று முழுசாக இல்லாமல் இதென்ன விநோதமான எல்லை? இந்த எண்ணுக்குப் பின்னால் கண் பார்வை மங்கிய ஒரு மேதை இருக்கிறார். 'இதனால் ஒரு பயனும் இல்லை' என்று அடித்துச் சொன்ன ஓர் ஆசிரியர் இருக்கிறார். வானில் பறக்கும் விமானம் இருக்கிறது. எல்லாவற்றுக்கும் மேலாக, 2038-ல் வரப்போகும் ஒரு செவ்வாய்க்கிழமைக் காலை இருக்கிறது!

32 ஸ்விட்ச்சுகள்

கம்ப்யூட்டருக்கு ஒன்று முதல் ஒன்பது வரையெல்லாம் தெரியாது. அதற்குத் தெரிந்தது ஸ்விட்ச் போட்டிருக்கிறதா, அணைத்திருக்கிறதா என்பது மட்டும்தான்.

வீட்டுச் சுவரில் வரிசையாகச் சில ஸ்விட்ச்சுகள் இருப்பதாக வைத்துக்கொள்ளுங்கள். முதல் ஸ்விட்ச்சின் மதிப்பு 1. அடுத்தது 2. அதற்கடுத்தது 4, பிறகு 8, 16 என ஒவ்வொன்றும் முந்தையதைப்போல இரு மடங்கு. எந்தெந்த ஸ்விட்ச் போடப்பட்டிருக்கிறதோ அவற்றின் மதிப்பைக் கூட்டினால் எண் கிடைக்கும். 13 வேண்டுமா? 8, 4, 1 ஆகிய மூன்றையும் போட்டால் போதும்.

இப்படி 32 ஸ்விட்ச்சுகள் கொண்ட பலகையைத்தான் கம்ப்யூட்டர் உலகம் பல பத்தாண்டுகளாக எண்களைப் போட்டுவைக்கும் பெட்டியாகப் பயன்படுத்திவந்தது. அதில் கடைசி ஸ்விட்ச், எண் பிளஸ்ஸா மைனஸா என்று காட்டுவதற்கு. மீதி 31 ஸ்விட்ச்சுகளையும் ஒன்றாகப் போட்டால் கிடைக்கும் கூட்டுத்தொகைதான் 2147483647.

சதுரங்கப் பலகையும் தானியமும் கதை எல்லோருக்கும் தெரியும். முதல் கட்டத்தில் ஒரு தானியம், அடுத்ததில் 2, அதற்கடுத்ததில் 4 என்று கேட்ட புத்திசாலியின் கதை. அந்தப் பலகையில் 31-வது கட்டம் வரை வைத்த தானியங்களை எண்ணினால் வருவதும் இதே 2147483647தான். பாதிப் பலகைக்கு ஒரு கட்டம் குறைவு!

இன்னொரு எளிய விஷயமும் இதில் உண்டு. 1 + 2 + 4 என்பது 7. அடுத்து வர வேண்டிய 8-ஐவிட ஒன்று குறைவு. 1 + 2 + 4 + 8 என்பது 15. அடுத்து வர வேண்டிய 16-ஐவிட ஒன்று குறைவு. இரட்டிப்பாகும் எண்களை எங்கே நிறுத்திக் கூட்டினாலும் அடுத்த எண்ணுக்கு ஒன்று குறைவாகவே நிற்கும். அதனால் 2-ஐ 31 முறை பெருக்கி அதிலிருந்து ஒன்றைக் கழித்தாலும் இந்த எண்தான் வரும்.

ஒன்று கூடினால் என்ன ஆகும்?

பழைய ஸ்கூட்டர் மீட்டர் ஞாபகம் இருக்கிறதா? 99999 கிலோமீட்டர் ஓடியதும் அடுத்த கிலோமீட்டரில் எல்லாச் சக்கரமும் உருண்டு 00000 என்று நிற்கும். தாத்தா காலத்து வண்டி ஒரே நொடியில் ஷோரூமில் இருந்து வந்ததுபோல ஆகிவிடும்.

32 ஸ்விட்ச் பெட்டியில் நடப்பது இன்னும் விபரீதம். 2147483647-ல் ஒன்றைக் கூட்டினால், போட்டிருந்த 31 ஸ்விட்ச்சும் அணைந்து, 32-வது ஸ்விட்ச் எரியும். அது மைனஸ் ஸ்விட்ச் ஆயிற்றே! எனவே எண்ணிக்கை ஒரே தாவலில் மைனஸ் 214 கோடிக்குப் போய்விடும். பெட்டியை மாற்றாமல் விட்டிருந்தால், உலகமே பார்த்த பாட்டுக்கு மைனஸ் கணக்கில் பார்வைகள் என்று காட்டியிருக்கும்.

வகுபடாத எண்

கம்ப்யூட்டருக்கு 32 வசதியான எண் என்பதால் இந்த எல்லை வந்தது. ஆனால், கம்ப்யூட்டரே இல்லாத காலத்தில் இந்த எண் கணிதத்தில் பெரிய புள்ளி! காரணம், 2147483647 ஒரு பகா எண். ஒன்றாலும் தன்னாலும் தவிர வேறு எந்த எண்ணாலும் மீதியில்லாமல் வகுபடாது.

3, 7, 31, 127... இவையும் அப்படித்தான். 2-ஐ சில முறை பெருக்கி ஒன்றைக் கழித்தால் வரும் பகா எண்கள். இந்த வகைக்கு 'மெர்சென் பகா எண்கள்' என்று பெயர். பாரிஸில் வாழ்ந்த மரன் மெர்சென் என்ற கிறிஸ்தவத் துறவியின் பெயர் அது. 1644-ல் வெளியிட்ட புத்தகத்தில், 2-ஐ எத்தனை முறை பெருக்கி ஒன்றைக் கழித்தால் பகா எண் வரும் என்று 257 வரைக்கும் ஒரு பட்டியல் தந்தார். அதில் 31 இருந்தது. ஆனால், அதைச் சரிபார்த்துச் சொல்ல அவரிடம் வழி இருக்கவில்லை. பட்டியலில் இருந்த 67-ம் 257-ம் தவறு என்று பிற்காலத்தில் தெரிந்தது. 61, 89, 107 மூன்றும் விடுபட்டிருந்ததும் தெரியவந்தது.

ஆக, ஒருவர் சொல்லிவிட்டார் என்பதற்காக நம்ப முடியாது. வகுத்துப் பார்க்க வேண்டும்.

மெர்செனுக்கு முன்பே இத்தாலியைச் சேர்ந்த பியெத்ரோ கட்டால்டி இந்த வேலையில் இறங்கியிருந்தார். 750 வரையுள்ள பகா எண்களைப் பட்டியல் போட்டு வைத்துக்கொண்டு, ஒவ்வொன்றாக வகுத்துப் பார்த்தார். 2-ஐ 19 முறை பெருக்கி ஒன்றைக் கழித்தால் வரும் 524287 ஒரு பகா எண் என்று 1588-ல் நிரூபித்தார். அடுத்து 23, 29, 31, 37 ஆகிய நான்கிலும் பகா எண் வரும் என்றார். ஆனால், அந்த எண்களுக்கு அவருடைய பட்டியல் போதாது. நான்கில் மூன்று தவறாகிப்போனது. சரியாக இருந்தது 31 மட்டும்தான். அதையும் நிரூபிக்க 184 ஆண்டுகள் காத்திருக்க வேண்டியிருந்தது.

கண் மங்கியவரின் கணக்கு

நிரூபித்தவர் லெயோனார்ட் ஆய்லர். சுவிட்சர்லாந்தின் பாசெல் நகரில் பிறந்து, ரஷ்யாவின் செயின்ட் பீட்டர்ஸ்பர்க்கில் வாழ்ந்தவர். 1772-ல் பெர்னூலி குடும்பத்தைச் சேர்ந்த ஒரு கணித அறிஞருக்கு எழுதிய கடிதத்தில், 2147483647 பகா எண்தான் என்று அறிவித்தார்.

அப்போது அவருக்கு 65 வயது. ஒரு கண்ணின் பார்வை இளமையிலேயே போயிருந்தது. இன்னொரு கண்ணும் புரை விழுந்து மங்கிவிட்டது. 1771-ல் செய்த அறுவை சிகிச்சையும் நிலைக்கவில்லை. அதே ஆண்டு நகரத்தில் பிடித்த தீயில் அவருடைய வீடும் எரிந்தது. பார்வையில்லாத அவரை, அவர் ஊரைச் சேர்ந்த ஒருவர்தான் தூக்கிவந்து காப்பாற்றினார். இத்தனைக்கும் நடுவில் மகன்களிடமும் உதவியாளர்களிடமும் வாயால் சொல்லி எழுதவைத்து, அவர் தொடர்ந்து கணிதம் படைத்துக்கொண்டிருந்தார்.

பத்து இலக்க எண்ணை கால்குலேட்டர் இல்லாமல் எப்படிச் சோதிப்பது? அங்கேதான் ஆய்லரின் சாமர்த்தியம்.

முதல் சுருக்கம் பள்ளியில் படித்ததுதான். ஓர் எண் இரண்டு எண்களின் பெருக்கலாக இருந்தால், அவற்றில் ஒன்றாவது அதன் வர்க்கமூலத்தைத் தாண்டாது. 91 என்பது 7 பெருக்கல் 13. அதில் 7, 91-ன் வர்க்கமூலத்தைவிடச் சிறியது. 2147483647-ன் வர்க்கமூலம் 46340-க்குச் சற்று அதிகம். எனவே 46340 வரை சோதித்தால் போதும். 200 கோடி எண்கள் 46 ஆயிரமாகச் சுருங்கிவிட்டன.

இரண்டாவது, அதில் பகா எண்களால் மட்டும் வகுத்தால் போதும். 2-ஆல் வகுபடாதது 4-ஆலும் 6-ஆலும் வகுபடப்போவதில்லையே! 46340 வரை இருக்கும் பகா எண்கள் 4792. இது இன்னும் பெரிய கூட்டம்தான்.

மூன்றாவதுதான் அழகு. இந்த வகை எண்களை எந்தப் பகா எண்ணாலும் வகுத்துவிட முடியாது. அதற்கென்று ஒரு தகுதி வேண்டும். சிறிய உதாரணம் பாருங்கள். 2-ஐ 11 முறை பெருக்கி ஒன்றைக் கழித்தால் 2047. இது பகா எண் இல்லை. 23 பெருக்கல் 89. இந்த இரண்டையும் கவனித்தால், 23 என்பது 22 கூட்டல் 1. 89 என்பது 88 கூட்டல் 1. இரண்டுமே 22-ன் மடங்கைவிட ஒன்று அதிகம். 22 என்பது 11-ன் இரு மடங்கு!

இது தற்செயல் அல்ல. 31 முறை பெருக்கிய நம் எண்ணை வகுக்கும் தகுதி, 62-ன் மடங்கைவிட ஒன்று அதிகமாக இருக்கும் பகா எண்களுக்கு மட்டும்தான். அதோடு அந்த எண்ணை 8-ஆல் வகுத்தால் மீதி 1 அல்லது 7 வர வேண்டும். இந்த இரண்டு சல்லடையிலும் சலித்தெடுத்தால் 46340-க்குள் மிஞ்சுவது அதிகபட்சம் 372 எண்கள்!

ஒரு வகுத்தலுக்கு 5 நிமிடம் என்று வைத்துக்கொண்டால், 4792 பகா எண்களுக்கும் ஏறக்குறைய 400 மணி நேரம் ஆகும். 372-க்கு 31 மணி நேரம் போதும். அந்த 372-லும் பல எண்கள் பகா எண்களே இல்லை என்பதால் வேலை இன்னும் குறையும்.

அப்படிச் சலித்ததில் மிஞ்சும் முதல் பகா எண் 311. அதனால் 2147483647-ஐ வகுத்தால் மீதி 35. அடுத்தது 1303. மீதி 226. இப்படியே கடைசிவரை போனாலும் ஒவ்வொரு முறையும் ஏதாவது ஒரு மீதி நிற்கிறது. எதனாலும் வகுபடவில்லை. உலகம் அறிந்த மிகப் பெரிய பகா எண் என்ற பட்டம் அன்று இந்த எண்ணுக்குக் கிடைத்தது.

'பயனில்லாத' எண்

இந்த எண்ணுக்கு ஒரு கூட்டாளியும் உண்டு.

6-ஐ மீதியில்லாமல் வகுக்கும் சிறிய எண்கள் 1, 2, 3. கூட்டினால் அதே 6. 28-க்கு 1, 2, 4, 7, 14. கூட்டினால் அதே 28. இப்படித் தன் வகுஎண்களின் கூட்டுத்தொகையாகத் தானே இருக்கும் எண்ணை 'நிறைவெண்' என்பார்கள். 3-லிருந்து 6 பிறந்தது, 7-லிருந்து 28 பிறந்தது, 31-லிருந்து 496, 127-லிருந்து 8128. ஒவ்வொரு மெர்சென் பகா எண்ணும் ஒரு நிறைவெண்ணைக் கையோடு கொண்டுவரும். கிரேக்க அறிஞர் யூக்ளிட் காலத்திலேயே தெரிந்த உண்மை இது. நம் எண் கொண்டுவந்த நிறைவெண் 2305843008139952128. மொத்தம் 19 இலக்கங்கள்.

இங்கிலாந்தின் வூல்விச் ராணுவ அகாடமியில் கணிதம் கற்பித்தவர் பீட்டர் பார்லோ. பல தலைமுறைப் பொறியாளர்கள் பயன்படுத்திய வர்க்கம், கனம், மூலம் பட்டியல்களைத் தொகுத்தவர். பெரிய எண்களோடு பழகிய மனிதர். 1811-ல் எழுதிய புத்தகத்தில் அவர் இந்த 19 இலக்க எண்ணைக் குறிப்பிட்டு, இதைவிடப் பெரிய நிறைவெண்ணை இனி யாரும் கண்டுபிடிக்கவே போவதில்லை என்று எழுதினார். காரணம், இவையெல்லாம் வெறும் வேடிக்கை எண்கள், பயன் ஒன்றும் இல்லை, இதற்காக யார் மெனக்கெடப் போகிறார்கள் என்பதுதான்.

பார்லோ சொன்னது இரண்டு வகையிலும் தவறிப்போனது.

மெனக்கெட ஆட்கள் வந்துகொண்டே இருந்தார்கள். 1876-ல் பிரான்ஸைச் சேர்ந்த எத்வார் லூகா, 2-ஐ 127 முறை பெருக்கி ஒன்றைக் கழித்தால் வரும் 39 இலக்க எண், பகா எண் என்று கையாலேயே கணக்குப் போட்டு நிரூபித்தார். இன்று ஆர்வலர்கள் தங்கள் கம்ப்யூட்டர்களை இணையம் வழியாக இணைத்துத் தேடுகிறார்கள். 2024 அக்டோபரில் அப்படிக் கிடைத்த மெர்சென் பகா எண்ணில் உள்ள இலக்கங்கள் மட்டும் 4 கோடியே 10 லட்சத்து 24 ஆயிரத்து 320!

'பயனில்லை' என்றாரே, அது அதைவிடப் பெரிய தவறு. இன்று இந்த எண்ணோடு மோதாத துறையே இல்லை.

ஊருக்கெல்லாம் ஒரே போன் நம்பர்

புதிதாக மென்பொருள் எழுதப் பழகுபவர்கள் இந்த எண்ணை ஒருமுறையாவது சந்தித்துத் திடுக்கிடுவார்கள். வாடிக்கையாளர்களின் மொபைல் நம்பர்களைச் சேமிக்க ஒரு பட்டியல் போடுவார்கள். நம்பர்தானே என்று, 32 ஸ்விட்ச் பெட்டியைத் தேர்ந்தெடுப்பார்கள். நம் நாட்டு மொபைல் எண்கள் 6, 7, 8, 9-ல்தான் தொடங்குகின்றன. எல்லாமே 600 கோடிக்கு மேல். பெட்டியில் கொள்ளாது. சில மென்பொருள்கள் கொள்ளாத எண்ணைத் திருப்பி அனுப்பாமல், கொள்ளும் அளவுக்கு வெட்டிப் போட்டுவிடும். அப்புறம் பட்டியலைத் திறந்து பார்த்தால், ஊரில் இருக்கும் அத்தனை பேருக்கும் ஒரே நம்பர்: 2147483647!

இது சிரித்துவிட்டுப் போகக்கூடிய தவறு. எல்லாம் அப்படி இல்லை.

2015-ல் அமெரிக்க விமானப் போக்குவரத்து அமைப்பான எஃப்ஏஏ, போயிங் 787 விமானங்களுக்கு ஓர் அவசர உத்தரவு போட்டது. விமானத்தின் ஜெனரேட்டர்களைக் கட்டுப்படுத்தும் கருவிகளுக்குள் ஓர் எண்ணிக்கை ஓடிக்கொண்டே இருக்கும். மின்சாரத்தை ஒருமுறைகூட நிறுத்தாமல் 248 நாள்கள் வைத்திருந்தால் அந்த எண்ணிக்கை நிரம்பி வழியும். எல்லாக் கருவிகளையும் ஒரே நேரத்தில் ஆன் செய்திருந்தால், எல்லாம் ஒரே நேரத்தில் செயல் இழக்கும். விமானம் நடுவானில் இருந்தாலும் ஜெனரேட்டர் மின்சாரம் மொத்தமாகப் போய்விடலாம்.

248 நாள் என்ன கணக்கு? ஒரு நொடியை நூறு பங்காக்கி ஒவ்வொரு பங்கையும் எண்ணிக்கொண்டே போனால், 248 நாள்கள் 13 மணி நேரத்தில் வருவது 2147483647. அதே முட்டுச்சந்து! நல்லவேளை, சோதனைக்கூடத்திலேயே கண்டுபிடித்துவிட்டார்கள். அதுவரை உடனடித் தீர்வாகச் சொன்னது என்ன தெரியுமா? குறிப்பிட்ட நாள்களுக்கு ஒருமுறை விமானத்தை ஆஃப் செய்து ஆன் செய்யுங்கள். டிவி செட்டாப் பாக்ஸுக்கு வீட்டில் செய்யும் அதே வைத்தியம்!

2038, ஜனவரி 19, காலை 8.44

உங்கள் கையில் இருக்கும் போன் இப்போது மணி என்ன என்று காட்டுகிறது. உள்ளுக்குள் அது மணி, தேதி என்று எதையும் வைத்திருக்கவில்லை. ஒரே ஓர் எண்தான். 1970 ஜனவரி 1-ம் தேதி, கிரீன்விச் நேரப்படி நள்ளிரவு 12 மணியிலிருந்து இதுவரை எத்தனை நொடிகள் ஓடியிருக்கின்றன என்ற எண். நம் நாட்டில் அப்போது காலை மணி 5.30. அந்த எண்ணைத்தான் கிழமை, தேதி, மணி என்று மாற்றித் திரையில் காட்டுகிறது. 'யூனிக்ஸ்' என்ற அமைப்பை உருவாக்கியவர்கள் தொடங்கிவைத்த வழக்கம் இது.

அந்த நொடிகளை எண்ணவும் நீண்ட காலமாக அதே 32 ஸ்விட்ச் பெட்டிதான். 2147483647 நொடிகள் என்பது 68 ஆண்டுகளும் சில நாள்களும். 1970-ல் பிறந்தவர் 68 வயதைத் தொடும்போது பெட்டி நிரம்பிவிடும்.

துல்லியமாகச் சொன்னால், 2038 ஜனவரி 19, செவ்வாய்க்கிழமை. இந்திய நேரப்படி காலை 8 மணி 44 நிமிடம் 7 நொடி. பொங்கல் விடுமுறை முடிந்து, பிள்ளைகள் பள்ளிக்கூடத்துக்கும் பெரியவர்கள் வேலைக்கும் கிளம்பும் நேரம்.

அடுத்த நொடியில் பழைய பெட்டி வைத்திருக்கும் கருவிகளுக்கு எண்ணிக்கை மைனஸுக்குத் தாவும். 1970-லிருந்து பின்னோக்கி அத்தனை நொடிகள் எண்ணினால் வருவது 1901 டிசம்பர் 13, வெள்ளிக்கிழமை! அந்தக் கருவியைப் பொறுத்தவரை இந்தியாவுக்கு சுதந்திரம் கிடைக்க இன்னும் 46 ஆண்டுகள் இருக்கும்.

அதற்கு இன்னும் காலம் இருக்கிறதே என்று விட்டுவிட முடியாது. கம்ப்யூட்டர்கள் இன்றைய தேதியை மட்டும் பார்ப்பதில்லை, எதிர்காலத் தேதிகளையும் கணக்குப் போடுகின்றன. 2018 ஜனவரிக்குப் பிறகு எடுத்த 20 ஆண்டு வீட்டுக் கடனின் கடைசித் தவணை இந்தத் தேதியைத் தாண்டித்தான் வரும். இதன் முதல் அடி 2006 மே மாதமே விழுந்தது. ஏஓஎல்சர்வர் என்ற மென்பொருளைப் பயன்படுத்தியவர்களில் சிலர், ஒரு வேலைக்கு 'காலக்கெடுவே கிடையாது' என்று சொல்வதற்குப் பதிலாக, 100 கோடி நொடிகள் என்று கெடு வைத்திருந்தார்கள். அன்றைய தேதியோடு 100 கோடி நொடிகளைக் கூட்டினால் 2038 ஜனவரி 19-ஐத் தாண்டிய ஒரு நொடியில், அந்த சர்வர்கள் படுத்துவிட்டன. முப்பது ஆண்டுக்கும் மேல் தள்ளி இருந்த சுவரில் 2006-லேயே போய் மோதிக்கொண்டன!

பயப்பட வேண்டுமா?

உங்கள் புதிய போனுக்குப் பயம் இல்லை. இன்றைய போன்களும் கம்ப்யூட்டர்களும் 64 ஸ்விட்ச் பெட்டிக்கு மாறிவிட்டன. அதில் நொடிகளை எண்ணினால் நிரம்புவதற்கு ஏறக்குறைய 29,200 கோடி ஆண்டுகள் ஆகும். உலகத்தின் பெரும்பாலான சர்வர்களும் ஆண்ட்ராய்டு போன்களும் சார்ந்திருக்கும் 'லினக்ஸ்' அமைப்பு, பழைய 32 ஸ்விட்ச் கருவிகளிலும் பெரிய பெட்டியைப் பயன்படுத்தும் வசதியை 2020-ல் கொண்டுவந்துவிட்டது.

கவலை வேறு இடத்தில். தொழிற்சாலைகளிலும் கட்டடங்களிலும் வாகனங்களிலும் ஒருமுறை பொருத்திவிட்டு அப்படியே மறந்துபோன சிறிய கருவிகள். போனைப்போல அவற்றுக்கு 'அப்டேட்' அறிவிப்பு வருவதில்லை. எந்தப் பெட்டி எங்கே ஒளிந்திருக்கிறது என்று தேடிப்பிடித்து மாற்றுவதுதான் பெரிய வேலை. 2000-ம் ஆண்டு பிறந்தபோது 'ஒய்2கே' என்று உலகமே பதறியது. கடைசியில் பெரிதாக ஒன்றும் நடக்கவில்லையே என்று இன்றும் கேலி செய்பவர்கள் உண்டு. ஒன்றும் நடக்காததற்குக் காரணம், அதற்கு முன் பல ஆண்டுகள் ஆயிரக்கணக்கானவர்கள் உட்கார்ந்து பழைய நிரல்களைத் திருத்தியதுதான். 2038-க்கும் அதே பொறுமை தேவைப்படும்.

கடைசியாக ஒரு வேடிக்கை. கம்ப்யூட்டர்கள் பயன்படுத்தும் பெட்டிகள் நான்கு: 8, 16, 32, 64 ஸ்விட்ச். மைனஸ் ஸ்விட்ச்சை விட்டுவிட்டால் அவற்றின் எல்லை 127, 32767, 2147483647, 9223372036854775807. இதில் 127 பகா எண். 32767 பகா எண் இல்லை. 7, 31, 151 மூன்றையும் பெருக்கினால் வந்துவிடும். 19 இலக்கம் கொண்ட கடைசி எண்ணும் பார்க்கத்தான் பயங்கரம், சாதாரண 7-ஆலேயே வகுபட்டுவிடும். யாராலும் உடைக்க முடியாத பெரிய எண் இந்த வரிசையில் 2147483647 ஒன்றுதான்.

போனில் கால்குலேட்டரைத் திறங்கள். 1-ல் தொடங்கி 31 முறை இரண்டால் பெருக்குங்கள். ஒன்றைக் கழியுங்கள். வந்த எண்ணை உங்களுக்குப் பிடித்த ஏதாவது ஓர் எண்ணால் வகுத்துப் பாருங்கள். தசமப் புள்ளி இல்லாமல் விடை வரவே வராது, 1-ஆலோ அதே எண்ணாலோ வகுத்தால் தவிர. கண் பார்வை இல்லாமல் ஒரு முதியவர் உறுதிசெய்து 250 ஆண்டுகள் தாண்டிவிட்டன. இன்றுவரை அதில் மாற்றம் இல்லை.

மெர்சென் பட்டியலில் தவறாக நுழைந்த 67-ஐ உடைத்த கதை, இன்னொரு வாரம்!